வைகாசி 11: நூறு பேர் பசியாற ஒரு அண்டா சாம்பார் சாதம்

[காட்சி: வடலூர் தருமச்சாலையின் அணையா அடுப்பு]

1867 மே 23, வைகாசி 11. பசித்தவருக்குச் சோறு போட, வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய நாள். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு 21 அடி நீளம், இன்னும் எரிகிறது. ஆண்டுதோறும் வள்ளலார் வழி நடக்கும் சன்மார்க்க அன்பர்கள் இந்த நாளைச் சோறு போட்டே கொண்டாடுகிறார்கள். வேறு எப்படிக் கொண்டாட முடியும்?

ஆனால் வைகாசி 11 அக்னி நட்சத்திரத்துக்குள் வருகிறது. சோறு சீக்கிரம் கெடும். அதனால் சமையலை விட நேரக் கணக்குதான் முக்கியம்.

[காட்சி: அரிசி, பருப்பு, காய்கள்]

நூறு பேருக்குப் பொன்னி பச்சரிசி 8 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, காய் 6 கிலோ, புளி 400 கிராம், சாம்பார்பொடி 500 கிராம், எண்ணெய் ஒரு லிட்டர். தண்ணீர் 40 முதல் 45 லிட்டர். பழைய அரிசி என்றால் கூடுதலாகக் குடிக்கும். காய்க்குக் கேரட், பீன்ஸ், முருங்கை, பூசணி போதும். தேங்காய் வேண்டாம். இந்த வெயிலில் முதலில் ஊசிப்போவது அதுதான்.

[காட்சி: பருப்பை விரலால் நசுக்கிப் பார்ப்பது]

பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்து, மஞ்சள்தூளும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு வேகவையுங்கள். இரு விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியாமல் மசிய வேண்டும். அதற்கு முன் புளியை விட்டால் அப்புறம் எவ்வளவு விறகு வைத்தாலும் பருப்பு விறைத்தே நிற்கும். நிறைய அன்னதானங்களில் நடக்கும் தவறு இது. பருப்பு மசிந்ததும் அரிசியும் காயும் போடுங்கள். புளிக்கரைசலை உப்பு, சாம்பார்பொடியோடு தனிப் பாத்திரத்தில் பச்சை வாடை போகக் கொதிக்கவிட்டு, அரிசி வெந்த பிறகு சேருங்கள். அப்போதே விறகை இழுத்துவிடுங்கள். மீதி தணலில் வேகும்.

கரண்டியைத் தூக்கினால் சாதம் தொப்பென்று விழக்கூடாது, சரிந்து வழிய வேண்டும். ஆறினால் அது எப்படியும் இறுகும். அடி பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேலாக எடுத்து வேறு அண்டாவுக்கு மாற்றுங்கள். கிளறினால் தீய்ந்த வாடை மொத்தத்திலும் ஏறிவிடும்.

[காட்சி: மூடிய அண்டா, பந்தி]

பத்தரைக்கு இறக்கி, பதினொன்றுக்குப் பந்தியைத் தொடங்குங்கள். பொட்டலம் போட்டு வண்டியில் சுற்றுவதை விட உட்காரவைத்துப் பரிமாறுவது நல்லது. கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் கவரில் கட்டினால் உள்ளே வேர்த்து நீர் கோத்து, சோறு நொசநொசத்துவிடும். அதோடு, உட்கார்ந்தவர் இரண்டாவது முறை கேட்பார்; பொட்டலம் வாங்கியவர் கேட்க மாட்டார். பசித்தவர் எந்த ஊர், என்ன சாதி, எப்படிப்பட்டவர் என்று விசாரிக்கக்கூடாது என்பது வள்ளலார் வகுத்த ஒழுக்கம். ஆதார் கேட்பதும், சோற்றை நீட்டியபடி படம் எடுப்பதும் அந்த ஒழுக்கத்துக்கு ஆகாது.

[காட்சி: பாதி காலியான அண்டா]

சோற்றில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் மிச்சத்தை ராத்திரிக்கு என்று மூடி வைக்காதீர்கள். அருகிலிருக்கும் முதியோர் இல்லத்திலோ கட்டட வேலை நடக்கும் இடத்திலோ முதல்நாளே பேசி வைத்து, பன்னிரண்டரைக்குள் சூட்டோடு அனுப்பிவிடுங்கள்.