ஒரு வீட்டுக்கு ஒரே ஐ.பி. முகவரி

[காட்சி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக் கூடம். தொலைக்காட்சிக்கு மேல் ரவுட்டர்.]

இந்த வீட்டில் இரண்டு மடிக்கணினிகள், ஒரு மேசைக் கணினி, நான்கு கைபேசிகள், ஒரு தொலைக்காட்சி என எட்டுக் கருவிகள் ஒரே ஃபைபர் இணைப்பில் இயங்குகின்றன. ஆனால் வெளியுலகம் அறிந்த ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண், ஒன்றே ஒன்றுதான்.

ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கதவு எண் ஒன்று, உள்ளே ஐந்து குடித்தனங்கள். தபால்காரர் வாசலோடு நின்றுவிடுவார், எந்தக் கடிதம் எந்தப் போர்ஷனுக்கு என்பதை வீட்டுக்கார அம்மாள் பார்த்துக்கொள்வார். இங்கே அந்த வேலையைச் செய்வது ரவுட்டர். அது அந்த அம்மாளையும் மிஞ்சியது: வெளியே போகும் கடிதத்திலும் அனுப்புநர் முகவரியை அடித்துவிட்டுத் தன் முகவரியை எழுதிவிடும்.

[காட்சி: திரையில் ஓர் அட்டவணை, அதில் ஒரே ஒரு வரி.]

மேசைக் கணினிக்கு ரவுட்டர் வழங்கிய உள்முகவரி 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். அக்கணினி தனது 51000ஆம் போர்ட்டிலிருந்து (போர்ட் என்பது ஒரே கருவியின் பல தொடர்புகளைப் பிரித்தறியும் எண்) ஒரு வலைத்தளத்தைக் கேட்கும்போது, ரவுட்டர் அனுப்புநர் இடத்தில் 203.0.113.7 என்ற வெளிமுகவரியையும் 40001 என்ற போர்ட் எண்ணையும் எழுதி, '40001 என்றால் 192.168.1.5, போர்ட் 51000' என ஒரு வரியைக் குறித்துக்கொண்டு அனுப்புகிறது. பதில் 40001க்கு வந்ததும் அந்த வரியைப் பார்த்து உரிய கணினியிடம் சேர்க்கிறது. அதே நொடியில் ஒரு கைபேசியும் அதே தளத்தை அதே 51000இலிருந்து கேட்டால், அதற்கு 40002. போர்ட் எண்கள் 65,535 வரை உண்டு. ஒரு வீட்டுக்குத் தாராளம்.

இந்த முகவரி மாற்றும் முறைக்கு நேட் (NAT) என்று பெயர். நான்காம் பதிப்பு (IPv4) ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி என்பதால், பற்றாக்குறையைச் சமாளிக்க 1994இல் தற்காலிக ஏற்பாடாக இது முன்வைக்கப்பட்டது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பும் தீர்ந்துபோனது. தற்காலிகமாகப் போட்ட கொட்டகை இன்னும் நிற்கிறது.

சிக்கல், வெளியிலிருந்து முதலில் கதவைத் தட்டுபவருக்குத்தான். உள்ளே இருப்பவர் முதலில் பேசினால்தான் அட்டவணையில் வரி விழும். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் தம்பி எங்கள் வாசல் கேமராவை நேரடியாகப் பார்க்க முயன்றபோது, அதற்குரிய வரி இல்லாததால் ரவுட்டர் அவனுடைய கோரிக்கையைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த வரியை நாமே நிலையாக எழுதி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். அதையும் செய்தேன், பலன் இல்லை. ஒரு மாலைப்பொழுதை வீணாக்கிய பிறகே காரணம் பிடிபட்டது: எங்கள் ரவுட்டருக்குக் கிடைத்திருந்த முகவரியே 100.72 என்று தொடங்கியது.

100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. அதாவது நம் வீட்டுக்கார அம்மாளுக்கும் மேலே இன்னொரு வீட்டுக்காரர் இருக்கிறார். அவருடைய அட்டவணையில் நாம் எழுத முடியாது. கேமராவின் கைபேசிச் செயலி மட்டும் வேலை செய்ததற்குக் காரணம், கேமராவே தன் நிறுவன சர்வரிடம் முதலில் பேசிவிடுவதுதான்.

[காட்சி: ரவுட்டரின் நிலைப் பக்கம்.]

எனவே முதலில் இந்தப் பக்கத்தில் உள்ள வெளிமுகவரியையும், 'என் ஐ.பி. என்ன' என்று தேடும்போது காட்டப்படும் முகவரியையும் ஒப்பிடுங்கள். வேறுபட்டால் நிறுவனத்திடம் பொது ஐ.பி. கேளுங்கள், பெரும்பாலும் தனிக் கட்டணம் இருக்கும். ஒன்றாக இருந்தால் போர்ட் ஃபார்வர்டிங் செய்யலாம், ஆனால் அதற்கு முன் கேமராவோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.