கல்யாணப் பத்திரிகையில் எழுத்து ஏன் விரலில் தட்டுப்படுகிறது? அதே வித்தையில் ஒரு பொங்கல் அட்டை!

[காட்சி: மங்கலான வெளிச்சம். ஒரு கட்டைவிரல் அட்டை மேல் மெதுவாக ஊர்கிறது.]

வீட்டில் எங்கேயாவது ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை கிடக்கும். போய் எடுத்து வாருங்கள், நான் காத்திருக்கிறேன். எடுத்தாச்சா? இப்போது கண்ணை மூடிக்கொண்டு மாப்பிள்ளை, பெண் பெயர் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் தடவுங்கள். எழுத்து தட்டுப்படுகிறதா?

தட்டுப்பட்டால் அது வெறும் மை இல்லை. ஈரமான மை மேல் பிசின் தூளைத் தூவி, ஒட்டாத தூளை உறிஞ்சி எடுத்துவிட்டு, சூடு காட்டி உருக்கியிருக்கிறார்கள். அந்தத் தூள்தான் உருகி, ஆறி, எழுத்தாக எழும்பி நிற்கிறது. அச்சகத்தில் பெரிய இயந்திரம் செய்கிற இந்த வேலையை, ஒரு அழிரப்பரும் ஒரு தோசைக்கல்லும் இருந்தால் உங்கள் சமையலறையிலேயே செய்துவிடலாம். இன்றைக்கு அதைத்தான் செய்யப்போகிறோம்.

[பெயர்ப் பட்டை. பின்னணியில் கும்பகோணம், மகாமகக் குளத்துப் படிக்கட்டுகள்.]

வணக்கம் மக்களே! கும்பகோணத்திலிருந்து பேசுகிறேன். தை பிறக்க இன்னும் சில வாரம்தான். முன்பெல்லாம் மார்கழி வந்தாலே கடை வாசலில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். கரும்பு, பானை, மாடு, சூரியன். யாருக்கு எந்த அட்டை என்று யோசித்து யோசித்து எடுப்போம். இப்போது ஒரே படத்தை நூறு பேருக்குத் தட்டிவிடுகிறோம். வாங்கினவருக்கு அது வந்ததே ஞாபகம் இருக்காது. கையால் செய்த ஒரு அட்டையை யாரும் தூக்கிப் போட்டு நான் பார்த்ததில்லை.

சரி, வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் வழியைக் கண்டுபிடித்தார், 1860-களில் அங்கேயே ரப்பர் ஸ்டாம்ப் வந்தது, அப்புறம் உலகத்து அலுவலகம் எல்லாவற்றிலும் 'டப் டப்' சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவ்வளவுதான்.

[காட்சி: தஞ்சாவூர்க் கலைத்தட்டு. கேமரா நடுவில் இருக்கும் உருவத்துக்கு மிக அருகே போகிறது.]

இப்போதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், தள்ளிவிடாதீர்கள்.

எம்பாசிங் என்றால் புடைப்பு வேலை. அது இரண்டு வகை. ஒன்று, தாள் மேல் வேறு ஒரு பொருளை ஏற்றி உயர்த்துவது. தூள் தூவி உருக்குவது இந்த வகை. இன்னொன்று, எதையும் சேர்க்காமல் தாளையே பின்பக்கத்திலிருந்து அழுத்தி முன்னால் தள்ளுவது. இதற்கு மையும் வேண்டாம், தூளும் வேண்டாம். நிழல் விழுவதை வைத்துத்தான் உருவமே தெரியும்.

இதை ஆன்லைனில் பார்த்துப் படித்தபோது, இந்த இரண்டையும் எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று எனக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கே என்று யோசித்தால், தஞ்சாவூரில்! இரண்டும் ஒரே ஊரில், ஒரே கடையில், பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன.

தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணர் கழுத்து மாலை, தூண், வளைவு எல்லாம் பலகையிலிருந்து எழும்பி நிற்கும். சுண்ணத் தூளையும் பசையையும் குழைத்து, கோடு கோடாக வைத்துக் காயவிட்டு, மேலே மறுபடி வைத்து உயரமாக்குவார்கள். மக்கு வேலை என்று அதற்குப் பெயர். அதன் மேல்தான் தங்க ரேக்கு ஒட்டுவார்கள். ஒரு பொருளை மேலே ஏற்றி உயர்த்துகிறார்கள், பார்த்தீர்களா? நம்முடைய முதல் வகை இதுதான். தங்க நிற எம்பாசிங் தூளை உருக்கி முடித்த கோலத்தைப் பக்கத்தில் வைத்தால், அந்த ஓவியத்தின் சின்னத் தங்கை மாதிரி இருக்கும்.

அடுத்தது கலைத்தட்டு. பரிசளிப்பு விழாவில் கொடுப்பார்களே, கண்ணாடிச் சட்டத்துக்குள் வட்டமாக, நடுவில் பிள்ளையாரோ நடராஜரோ இருக்கும், அதுதான். இரண்டாம் சரபோஜி காலத்துக் கலை என்று தஞ்சையில் சொல்வார்கள். அவர் ஆண்டது 1798-லிருந்து 1832 வரை. அடியில் இருப்பது பித்தளைத் தட்டு. மேலே இருக்கும் உருவம் மெல்லிய வெள்ளித் தகடு. அந்தத் தகட்டை அச்சின் மேல் வைத்துத் தட்டித் தட்டி, உருவத்தைத் தகட்டிலேயே எழுப்பிவிடுகிறார்கள். அங்கே வெள்ளி, நமக்குத் தாள். இரண்டாம் வகை அப்படியே இதுதான்.

இப்போது நான் அசந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். தட்டி எழுப்பிய வெள்ளி உருவத்தைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே பள்ளம், காலி. அப்படியே விட்டால் ஒரு விரல் அழுத்தினாலே பிள்ளையாரின் வயிறு உள்ளே போய்விடும். அதனால் பின்பக்கத்துப் பள்ளத்தில் அரக்கு போன்ற மெழுகுக் கலவையை நிரப்பிவிட்டுத்தான் தட்டில் பதிப்பார்கள். தகடு மெலிசு, ஆனால் உள்ளே தாங்கல் இருக்கிறது.

நம் அட்டைக்கும் அதே கதி உண்டு. அழகாக அழுத்தி எழுப்பிய பூ, தபாலில் நாலு கட்டுக்கு அடியில் போய்த் தட்டையாகி வந்து சேரும். கலைத்தட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. பின்பக்கப் பள்ளத்தில் பெவிக்காலை மெல்லிசாகத் தடவிக் காயவிட்டு, அதன் மேல் இன்னொரு தாளை ஒட்டிவிடுகிறேன். போன பொங்கலுக்கு அப்படி அனுப்பியவை எல்லாம் புடைப்பு குறையாமல் போய்ச் சேர்ந்தன. தஞ்சாவூர்ப் பட்டறையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது. அடுத்த முறை கலைத்தட்டுக் கடைக்குப் போனால், தயவுசெய்து தூரத்திலிருந்து படம் பிடித்துவிட்டு வராதீர்கள். கிட்டே போய்ப் பக்கவாட்டில் தலையைச் சாய்த்து, அந்த உயரத்தைப் பாருங்கள்.

[காட்சி: மேஜை. வெள்ளை அட்டை, அழிரப்பர், பிளேடு, பென்சில்.]

சரி, வேலைக்கு வருவோம். தாள் முக்கியம். ஜெராக்ஸ் எடுக்கிற தாள் 70, 80 ஜிஎஸ்எம்தான் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) இருக்கும், சூடு பட்டால் சுருண்டுவிடும். 250-லிருந்து 300 ஜிஎஸ்எம் அட்டை கேளுங்கள். ஒரு ஏ4 அட்டையைப் பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் இரண்டு வாழ்த்து அட்டைகள்.

ஸ்டாம்புக்குப் பெரிய அழிரப்பர் போதும். பானையைப் பென்சிலால் வரைந்து, மை படக் கூடாத இடத்தை எல்லாம் பிளேடால் செதுக்கி எடுங்கள். குழந்தைகள் என்றால் பிளேடு வேண்டாம், வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிக் கொடுங்கள், பூ தயார். கோலம் செதுக்குவது சுலபம், இடமும் வலமும் ஒன்று. எழுத்துதான் சோதிக்கும், எல்லாமே கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பியிருக்க வேண்டும். 'பொங்கல்' என்பதில் கொம்பு வலப்பக்கம் போகும், துணைக்கால் இடப்பக்கம் வரும். பட்டர் பேப்பரில் நேராக எழுதி, அதைக் கவிழ்த்து ரப்பர் மேல் வைத்துத் தேய்த்தால் தானாகத் திரும்பிவிடும்.

தமிழ் எழுத்தைத் திருப்பிச் செதுக்கும் பாட்டை நம் டெல்டா முந்நூறு வருஷத்துக்கு முன்பே பட்டிருக்கிறது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குக்கு, ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை ரொம்பப் பெரிசு, தாள் கட்டுப்படியாகவில்லை. அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிக்கொண்டார்கள்! கையில் கிடைத்ததை வைத்து எழுத்துச் செய்த ஊர்க்காரர்கள் நாம். அழிரப்பர் நமக்கு எம்மாத்திரம்.

செதுக்க வராது என்பவர்கள் தாலுகா ஆபீஸ் பக்கம் இருக்கும் ரப்பர் ஸ்டாம்ப் கடையில் படத்தைக் கொடுத்தால் செய்து தருவார்கள். உள்ளேயே மை நிரப்பிய வகை வேண்டாம், சாதா கைப்பிடி வகை போதும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். நம் மை வேறு.

[காட்சி: ஸ்டாம்ப் அட்டையில் பதிகிறது. வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் ஈரம் தெரிகிறது.]

ஆபீஸ் பேடு மை தாளுக்குள் சட்டென்று இறங்கிவிடும், தூள் பிடிக்க நேரம் கொடுக்காது. மெதுவாகக் காய்கிற பிக்மென்ட் மை, அல்லது எம்பாசிங் மை என்றே விற்பது வேண்டும். கிடைக்கவில்லையா, மருந்துக் கடை கிளிசரினில் துளி நிறம் சேர்த்து, ஸ்பாஞ்சால் ஸ்டாம்பில் மெல்லிசாக ஒற்றுங்கள். நிறையத் தடவினால் கோடு வழிந்துவிடும்.

பதித்ததும் எம்பாசிங் தூளைத் தாராளமாகக் கொட்டுங்கள். அட்டையைச் சாய்த்து, பின்னால் ஒரு சுண்டு. மிச்சத் தூள் கீழே விரித்த தாளில் விழும், மறுபடி டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: மினுமினுப்புக்குப் போடுகிற ஜிகினாத் தூள் வேறு, அது உருகாது.

இப்போது சூடு. ஹேர் டிரையர் போதுமா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். போதாது. அதன் காற்று வேகம், சூடு குறைவு, உருகுவதற்கு முன்பே தூள் பறந்துவிடும். ஹீட் கன் (கொதிக்கிற காற்றை ஊதும் கருவி) இருந்தால், முதலில் வேறு பக்கம் பிடித்துச் சூடாக்கிவிட்டு, அப்புறம் அட்டைக்குக் கீழே காட்டுங்கள். இல்லாதவர்களுக்குத் தோசைக்கல். கல் நன்றாகக் காய்ந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகுதான் அட்டை பக்கத்தில் வர வேண்டும், இதில் விளையாட்டு வேண்டாம். படம் மேலே பார்த்திருக்க, அட்டையை இடுக்கியால் பிடித்து, கல்லில் படாமல் இரண்டு விரல்கடை உயரத்தில் காட்டுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

[காட்சி: மிக அருகே. பேச்சு நிற்கிறது. சில நொடிகள் படம் மட்டும்.]

பாருங்கள்... சர்க்கரை மாதிரி மணி மணியாக, மங்கலாக இருக்கிறது. ஒரு ஓரம் கறுக்கிறது. அங்கிருந்து ஈரம் பரவுகிற மாதிரி ஒரு பளபளப்பு நகர்கிறது. மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, வெல்லப்பாகு மாதிரி ஒரே விளிம்பாகத் திரள்கின்றன. எத்தனையோ அட்டை செய்துவிட்டேன், இந்த நகர்வைப் பார்க்க மட்டும் எனக்கு அலுக்கவில்லை. எல்லா இடமும் பளபளத்த நொடியில் எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று வைத்திருந்தால் தாள் அதைக் குடித்துவிடும், எண்ணெய்க் கறை மாதிரி தட்டையாகிவிடும்.

இனி டெல்டாக்காரர்களுக்கு மட்டும் ஒரு சேதி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுத் தாளெல்லாம் நமுத்துப்போயிருக்கும். நமுத்த அட்டையில் தூவினால் வேண்டாத இடத்திலும் தூள் ஒட்டும், சூடு காட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் கொப்புளமாகக் கிளம்பும். முகத்துக்குப் போடுகிற பவுடரைச் சின்னத் துணி முடிச்சில் கட்டி, ஸ்டாம்ப் வைப்பதற்கு முன்பே அட்டை மேல் ஒற்றி எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் அதே மழைக்காலம் அழுத்து வேலைக்கு, அதாவது தாளையே அழுத்தி எழுப்பும் அந்த இரண்டாம் வகைக்கு, ரொம்ப நல்லது! லேசான ஈரம் இருக்கும் தாள் இழுத்துக் கொடுக்கும், ஓரத்தில் விரியாது. அதனால் என் கணக்கு இதுதான்: மழையில் அழுத்து வேலை, வெயில் பிறந்ததும் சூட்டு வேலை.

அழுத்து வேலைக்கு எந்தச் செலவும் வேண்டாம். கோலமாவு போட வைத்திருக்கும் ஓட்டைத் தட்டு இருக்கிறதல்லவா, அதுவே அச்சு. தட்டின் மேல் அட்டையின் முன்பக்கத்தைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்திலிருந்து மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒவ்வொரு ஓட்டையிலும் மெதுவாக அழுத்துங்கள். திருப்பினால் புள்ளி புள்ளியாக வெள்ளைக் கோலம், வெள்ளைத் தாளிலேயே.

வரிசை ஒன்று மட்டும் மாறக் கூடாது. முதலில் அழுத்து வேலை, அப்புறம் சூட்டு வேலை. உருகி ஆறிய தூளின் மேல் அழுத்தினால் அது விரிசல் விடும். பானையைத் தட்டையான இடத்தில் பதியுங்கள், கோலம் கீழ் ஓரத்தில் இருக்கட்டும்.

[காட்சி: முடிந்த அட்டை. கீழே வெள்ளைப் புள்ளிக் கோலம், மேலே தங்க நிறப் பானை, பக்கத்தில் 'பொங்கல் வாழ்த்துகள்'.]

தபால் பெட்டியில் போடாமல் நேரே தபால் ஆபீஸில் கொடுத்து, "சார், கொஞ்சம் பார்த்து முத்திரை குத்துங்க, உள்ளே கைவேலை இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் தெரு தபால் ஆபீஸில் அந்த அண்ணன் உறையைத் தடவிப் பார்த்து, புடைப்பு இல்லாத மூலையாகத் தேடித்தான் குத்தினார்.

போன வருஷம் திருவையாற்று அத்தைக்கு ஒன்று அனுப்பினேன். கண் புரை ஆபரேஷன் முடிந்து கட்டோடு இருந்தார். மாட்டுப் பொங்கல் அன்றைக்குப் போன் வந்தது. "படிச்சுக் காட்டவே வேணாம்டி, பொ-வுக்குக் கொம்பு கையில தட்டுப்படுது" என்றார்.

உங்கள் அட்டையை யாருக்கு அனுப்பப்போகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். அழிரப்பரில் 'பொங்கல்' செதுக்கினவர்கள், ஸ்டாம்பையும் பதிவையும் சேர்த்துப் படம் எடுத்துப் போடுங்கள். அடுத்த வீடியோவில் அவற்றை எல்லாம் இங்கே காட்டுகிறேன்.