போட்டோஷாப் திணறுகிறதா? ராம் நினைவகம் வாங்கும் முன் கோப்பைப் பாருங்கள்

[திரையில்: நான்கு மொழித் தீபாவளிப் பதாகை. சேமிப்புப் பட்டை நகராமல் நிற்கிறது.]

வணக்கம். இது ஒரு சமூக மன்றத்துக்கான தீபாவளிப் பதாகை. நான்கு மொழிகளில் வாழ்த்து, ஒரு குத்துவிளக்கு, ஓரத்தில் கோலம். அவ்வளவுதான். ஆனால் சேமிக்கச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கித் தே தாரிக் குடித்துவிட்டு வரலாம். அப்போதும் பட்டை ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த நிலையில் பலர் நேராகச் சிங்கப்பூரின் கணினிக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் ராம் விலை விசாரிக்கிறார்கள். பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை.

[திரையில்: கோப்பின் பிரதி. லேயர்கள் (படத்தின் அடுக்குகள்) ஒவ்வொன்றாக மறைகின்றன.]

கோப்பைப் பிரதி எடுங்கள். பிரதியில் எல்லாவற்றையும் அழித்து, 10க்கு 10 பிக்சலாகச் சுருக்கிச் சேமியுங்கள். அச்சில் நிறம் எப்படி வர வேண்டும் என்று சொல்லும் சிஎம்ஒய்கே வண்ணக் குறிப்பு மட்டுமே அரை எம்பி (மெகாபைட்) பிடிக்கும், அதைக் கணக்கில் விட்டுவிடலாம். மீதி பல எம்பி இருந்தால், அந்தக் கனம் படத்திலிருந்து வருவதில்லை.

எங்கிருந்து வருகிறது? எக்ஸ்எம்பி என்ற தகவல் பகுதியிலிருந்து. அடோபி 2001இல் கொண்டுவந்த முறை இது. 2012இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. யார் எடுத்த படம், எப்போது, உரிமை யாருடையது என்பதெல்லாம் இதில் எழுத்தாகப் பதிவாகும். நல்ல ஏற்பாடுதான். வம்பு செய்வது அதில் உள்ள ஒரே ஒரு பட்டியல்: டாக்குமென்ட் ஆன்செஸ்டர்ஸ், அதாவது கோப்பின் முன்னோர்கள்.

வேறு கோப்பிலிருந்து ஒரு லேயரை எடுத்து ஒட்டினால், அந்தக் கோப்பின் அடையாள எண் இங்கே பதிவாகிறது. அதன் பட்டியலில் ஏற்கெனவே இருந்த எண்களும் கூடவே வருகின்றன. ஒருவரை விருந்துக்கு அழைத்தால் அவர் ஏழு தலைமுறையையும் கூட்டிவருவது போல. லேயரை நீங்கள் அழித்தாலும் எண்கள் போவதில்லை.

நம் ஊர் வேலைமுறைக்கு இது பொருத்தமான வியாதி. பொங்கல் பதாகையிலிருந்து தீபாவளி, அதிலிருந்து தைப்பூசம், போகிற வழியில் நோன்புப் பெருநாளுக்கும் ஒன்று என்று ஆண்டுக்கணக்கில் ஒரே வார்ப்பை, அதாவது மாதிரிக் கோப்பை, திருப்பித் திருப்பிப் பயன்படுத்துகிறோம். ஒரு எண்ணுக்கு ஒரு வரி, வரிக்குச் சுமார் 80 பைட் என்று வைத்தால், 100,000 வரிகளுக்கு 8 எம்பி. திறக்கும்போது இத்தனையையும் படிக்க வேண்டும். சேமிக்கும்போது திரும்ப எழுத வேண்டும்.

புதிய கோப்பு திறந்து லேயர்களை அதற்குள் இழுத்துப் போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பட்டியலும் பின்னாலேயே வந்துவிடும்.

[திரையில்: நான்கைந்து வரி நிரல்.]

தீர்வு இந்தச் சிறிய நிரல். எக்ஸ்எம்பியைத் திறக்கிறது, அந்தப் பட்டியலை மட்டும் நீக்குகிறது, மீதியைத் திரும்ப வைக்கிறது. இதை ஜேஎஸ்எக்ஸ் என்ற நிரல் கோப்பாகச் சேமித்து, போட்டோஷாப்பின் ஃபைல் மெனுவில் ஸ்கிரிப்ட்ஸ், அதற்குள் பிரௌஸ் வழியாக ஓட்டுங்கள். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்று பதாகைக்குள் பொதிந்து வைக்கும் ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. தன் பட்டியலை உள்ளேயே வைத்திருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து, நிரலை ஓட்டி, சேமித்து மூட வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

ஏற்றுமதி செய்த ஜேபெக் படங்களிலும் பட்டியல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் அந்த ஒரு பட்டியலை மட்டும் நீக்குங்கள். எல்லாத் தகவலையும் ஒரேயடியாகத் துடைக்கும் கட்டளை கவர்ச்சியாகத் தெரியும். அதனுடன் வண்ணக் குறிப்பும் புகைப்படக்காரரின் உரிமைக் குறிப்பும் போய்விடும். சன்ஷைன் பிளாசா அச்சுக்கடையில் குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாக வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கடைசியாக, வார்ப்புக் கோப்பையும் சுத்தம் செய்யுங்கள். இன்றைய பதாகையை மட்டும் சரிசெய்தால், பொங்கலுக்கு அதே வார்ப்பிலிருந்து அதே பட்டியல் திரும்ப இறங்கும். இதற்குப் பிறகும் வேகம் வரவில்லை என்றால், போட்டோஷாப் தற்காலிகமாக எழுதிவைக்கும் வட்டான ஸ்கிராட்ச் டிஸ்கில் எவ்வளவு இடம் மீதி இருக்கிறது என்று பாருங்கள். அதற்கும் அடுத்துத்தான் ராம்.