ஒட்டுக்கன்றும் சுண்டெலித் தமனியும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய், சுருங்கிய இதயத் தமனியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்துக்கொண்டு வந்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். ஒரே ஸ்டென்ட், ஒரே மாத்திரைதான். ஆனாலும் ஒருவருக்கு ரத்தக்குழாய் திறந்தே இருக்கிறது, இன்னொருவருக்கு ஆறு மாதத்தில் மறுபடி சுருங்குகிறது. சர்க்கரையும் புகையும் காரணம்தான். பிறப்போடு வருவது எவ்வளவு என்று மனிதரிடம் பிரித்தெடுப்பது கஷ்டம். அதற்குத்தான் சுண்டெலி.

பண்ருட்டிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். கொட்டையில் முளைத்த பலா மரத்துக்கு மரம் ருசி மாறும். பாலூர்-1 ஒட்டு நட்டால் தோப்பு முழுக்க ஒரே ஜாதி. ஆய்வகச் சுண்டெலியிலும் உடன்பிறந்தவற்றை 20 தலைமுறைக்கு மேல் இணைசேர்த்து இப்படி வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். வழி வேறு, பலன் ஏறக்குறைய அதுவே.

இந்தச் சுருக்கத்தைச் சுண்டெலித் தமனியில் வரவழைத்துப் பார்க்க, 1997இல் குமார், லிண்ட்னர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய முறை எளிது. மயக்கம் கொடுத்து, கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே பட்டு நூலால் முடிச்சுப் போடுவார்கள். ரத்த ஓட்டம் நின்றதும் தமனிச் சுவரின் நடுப்படையில் உள்ள மென்தசை செல்கள் பெருகி, உள்பக்கம் நகர்ந்து புதுப் படை கட்டும். நான்கு வாரத்தில் தமனியை எடுத்துப் பார்க்கலாம்.

தமனியின் உள்படலத்தை உரசி எடுக்கும் முறையும் உண்டு. அதில் எஃப்விபி என்ற சுண்டெலி வகைக்குப் படை தடிக்கிறது. சி57 பிளாக்6 (சுருக்கமாக பிளாக்6) என்ற இன்னொரு வகைக்கு அவ்வளவு இல்லை. கொழுப்புத் தீனி கொடுத்தாலோ நிலைமை தலைகீழ்: பிளாக்6 தமனியில் கொழுப்பு படிகிறது, எஃப்விபி தாங்கிக்கொள்கிறது. அப்படியென்றால் காயம் ஆற்றும் மரபணுவும் கொழுப்பு படியவிடும் மரபணுவும் ஒன்றல்ல. இந்தத் துறையில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

தவறுவது பெரும்பாலும் அளவெடுப்பில். முடிச்சுக்கு அருகே படை தடிப்பு, தள்ளிப்போகப் போக மெலிவு. ஒரு சுண்டெலியில் முடிச்சிலிருந்து 200 மைக்ரோமீட்டரிலும் இன்னொன்றில் 1 மில்லிமீட்டரிலும் வெட்டினால், இல்லாத மரபணு வேறுபாடு முளைத்துவிடும். முடிச்சை ஒட்டி உறைந்த ரத்தமும் நாளடைவில் புதுப் படைபோலவே தெரியும். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மால்டிஹைடை 100 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் செலுத்தாவிட்டால் குழாய் சுருங்கி, சுவர் மடிந்து, தடித்ததாகக் காட்டும். நடுப்படையின் இரு பக்கமும் உள்ள மீள்தகடு என்ற மெல்லிய தகடுகளைக் கறுப்புக் கோடுகளாகக் காட்டும் சாயம் ஏற்றி, உள் கோட்டுக்கு உள்ளே புதுப் படை, இரு கோடுகளுக்கு இடையே நடுப்படை என்று பரப்பளவு எடுக்க வேண்டும். எடுப்பவருக்கு எது எந்த வகை என்று தெரியக்கூடாது.

ஒரு மரபணு என்ன செய்கிறது என்று பார்க்க அதை நீக்கிய சுண்டெலியில் இன்னொரு பொறி. முன்பெல்லாம் நீக்கியது பெரும்பாலும் 129 என்ற சுண்டெலி வகையின் கருநிலைக் குருத்துச் செல்லில். பிறகு பிளாக்6உடன் கலப்பார்கள். கடையில் வாங்கிய பிளாக்6உடன் ஒப்பிட்டால், 129இன் குணம் நீக்கிய மரபணுவின் கணக்கில் ஏறிவிடும். ஒரே ஈற்றுக் குட்டிகளோடுதான் ஒப்பிட வேண்டும். பத்துத் தலைமுறை பிளாக்6உடன் கலந்தாலும், நீக்கிய இடத்துக்கு அக்கம்பக்கத்து மரபணுக்கள் 129ஆகவே தங்கும்.

எலியில் (சுண்டெலியைவிடப் பெரிய இனம்) பலித்தது மனிதரில் பலிக்காததும் உண்டு. சிலாசாப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்து, பலூனால் உரசிய எலித் தமனியில் தடிப்பைக் குறைத்ததாக 1989இல் வந்தது. 1992இல் வந்த மெர்கேட்டர் என்ற மனித ஆய்வில் பலன் இல்லை. எலிக்குக் காயத்துக்கு முன்பே மருந்தைத் தொடங்கி, கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். மனிதருக்குத் தொடங்கியது, தமனியைப் பலூனால் விரிக்கும் சிகிச்சை முடிந்த மாலையில். முழு ஆளுக்கே நாளொன்றுக்கு 10 மில்லிகிராம்.