ஏழாவது குரூசர் அணி

நேயர்களுக்கு வணக்கம். 1914 செப்டம்பர் 22 என்றதும் சென்னைக்காரர்களுக்கு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்தான் ஞாபகம் வரும். அன்றிரவு துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்த கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே நாள் காலையில், ஹாலந்துக் கரைக்கு அப்பால் வட கடலில் நடந்ததைத்தான் நான் பல காலமாகப் படித்து வருகிறேன்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் ஏழாவது குரூசர் அணி, அதாவது குரூசர் வகைப் போர்க்கப்பல்களின் கூட்டம். ஒவ்வொன்றும் 12,000 டன் எடையுள்ள பழைய கப்பல்கள். ஆட்களில் பெரும்பாலோர் வேலை, குடும்பம் என்று இருந்து, போர் வந்ததும் அழைக்கப்பட்ட ரிசர்வ்காரர்கள். கூடவே பயிற்சிக் கல்லூரிப் பையன்கள். கடற்படைக்குள்ளேயே இந்த அணிக்குத் ‘தூண்டில் இரை’ என்று பெயர். இவற்றை அங்கே ரோந்து விடக்கூடாது என்று செப்டம்பர் 18 அன்று, அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சிலே எழுதினார். ஆனாலும் கப்பல்கள் அங்கேயேதான் சுற்றின. காவலுக்கு வரவேண்டிய சிறு நாசகாரிக் கப்பல்கள் புயலால் திரும்பிப் போயிருந்தன.

அன்று அங்கே இருந்தவை அணியின் மூன்று கப்பல்கள்: அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி. காலை ஆறரை மணிக்குள் அபூகிர் அடிபட்டது. கண்ணிவெடி என்றே நினைத்தார்கள். தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்க ஹோக் வந்து நின்றது. கவனியுங்கள், நின்றது. அதற்கும் அடி. அப்புறம் கிரெஸ்ஸியும் அதே காரியத்துக்காக நின்றது. அடித்தது ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி: ஓட்டோ வெடிகன் தலைமையிலிருந்த யூ-9, ஐந்நூறு டன்கூட இல்லை. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மூன்று கப்பல்களும் போய்விட்டன. இறந்தவர்கள் 1,459 பேர்.

விக்கம் மஸ்கிரேவ் என்ற பதினைந்து வயதுப் பையனைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. அபூகிர் சாயும்போது கடலில் விழுந்தான். மூழ்கும் கப்பல் கூடவே இழுத்துவிடும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நீந்தினான். ஹோக்கில் ஏறிக்கொண்டிருக்கும்போதே அதுவும் அடிபட்டது. மறுபடி நீச்சல். கிரெஸ்ஸியை எட்டினான், அதையும் அடித்தார்கள். கடைசியில் மிதந்து வந்த மரத்துண்டைப் பற்றியபடி நினைவிழந்து கிடந்தவனை டச்சுப் படகொன்று தூக்கியது. மூன்று கப்பல், ஒரே காலை, ஒரே பையன்! பிழைத்தது மட்டுமல்ல, 1939-இல் மறுபடி கடற்படைக்கே போனார். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

டச்சுக் கப்பல் ஃப்ளோராவின் மாலுமிகள் காட்டிய துணிச்சலை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் நெருக்குகிறது. 837 பேர் கரையேறினார்கள். விசாரணை நடந்தது. அடிபட்ட கப்பலுக்கு உதவப் பெரிய கப்பல்கள் இனி நிற்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. போர் தொடங்கி ஏழே வாரத்தில் அந்த அணியின் கதை முடிந்தது. மிஞ்சிய பாக்கான்ட், யூரியாலஸ் இரண்டும் அடுத்த வருஷம் துருக்கியின் கலிபோலிக் கரையில் துருப்புகள் இறங்கியபோது துணைக்குப் போயின. வணக்கம்.