வீட்டிலா, வீதியிலா?

நடுவர் அவர்களே, வெளிவீதி மணலில் பாய் விரித்து இருக்கிற அம்மாமாரே, ஐயாமாரே, வணக்கம்.

சமூக நீதி முதலில் வரவேண்டியது வீட்டிலா, வீதியிலா என்பது தலைப்பு. எதிரணித் தம்பி வீதிக்காக நன்றாகத்தான் வாதாடினார். 1931இல் இலங்கையில் ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை, 1957இல் தீண்டாமைக்கு எதிரான சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த ஆலய நுழைவுப் போராட்டம், எல்லாம் வீதி தந்தவை என்றார். ஒன்றையும் நான் மறுக்கவில்லை. அவை இல்லாவிட்டால் இந்த மேடையிலேயே பாதிக் கதிரை வெறுமையாக இருக்கும்.

ஆனால் தம்பி, வீதியால் வந்த நீதி எங்கள் படலையடியில் நின்றுவிடுகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

என்னுடைய அப்பம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பேணி செருகியிருக்கும். தேங்காய் பிடுங்க வருகிறவருக்கு. அவரே எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். அப்பம்மா ஒரு சாண் உயரத்தில் கேத்திலைப் பிடித்து, அதன் மூக்கு பேணியில் முட்டாமல், ஒரு சொட்டும் சிந்தாமல் தேத்தண்ணி ஊற்றுவா. அப்படி ஒரு கைப்பழக்கம்! நான் சொல்வது எண்பதுகளில். சட்டம் வந்து கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது. ஊர்த் தேத்தண்ணிக் கடையில் அவரும் மற்றவர்களும் ஒரே மாதிரிக் கிளாசில் குடித்தார்கள். கடைக்குள் போன சட்டம் அப்பம்மாவின் குசினிக்குள் போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இளவயதில் மாதத்தில் மூன்று நாள் அப்பம்மாவுக்கும் பாய் அந்தத் தாழ்வாரத்தில்தானாம். அவவுக்கும் தனிக் கோப்பை, தனிப் பேணி. இரண்டு பேணியும் ஒரே வளையில் தொங்கியிருக்கின்றன, நடுவர் அவர்களே. அவ அதை யோசித்தாவோ தெரியாது.

சரி, காணிக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்குச் சீதனமாக வீடும் வளவும் எழுதுகிறோம், எங்கள் பெண்களுக்குச் சொத்து இருக்கிறது என்று பெருமைப்படுகிறோம். என் அம்மாவுக்கும் நாலு பரப்புக் காணி இருந்தது. உறுதி அவவுடைய பெயரில். தொண்ணூறுகளில், போரால் பாதை பூட்டியிருந்த காலம், என் படிப்புக்காக அதில் இரண்டு பரப்பை விற்க நினைத்தா. உறுதி எழுதும் நொத்தாரிசு முதலில் கேட்டது, "அவர் எங்கே?" என்று. ஐயா கொழும்பில். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. கப்பலில் கடிதம் போனது. ஐயா நல்ல மனிதர், இல்லை என்று சொல்லவில்லை. "என்னத்துக்கு விற்கிறாய்?" என்று கேட்டுத்தான் எழுதியிருந்தார். அதற்குப் பதில் போய், அவருடைய சம்மதம் வந்து சேர, காணி கேட்டவர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்.

தம்பி துள்ளுகிறார், தெரிகிறது. "அது சட்டத்தின் பிழை, சட்டத்தை மாற்ற வீதிக்குத்தானே வரவேண்டும்" என்பார். அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை, அதாவது ஒல்லாந்த அதிகாரி, எங்கள் ஊர் வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். அதைச் சரிபார்க்க, ஊர்த் தலைவர்களான 12 முதலியார்மாரிடம் கொடுத்தார்கள். எல்லோரும் ஆண்கள். மனைவி கணவனின் சம்மதம் இல்லாமல் எதையும் கொடுக்கக் கூடாது என்பது அந்தத் தொகுப்பிலேயே இருக்கிறது. வீட்டில் நடந்ததைத்தான் ஏட்டில் எழுதினார்கள். வெள்ளைக்காரன் பிறகு அதற்கு இலக்கம் போட்டான், அவ்வளவுதான்.

கணவன் காரணமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கவும் அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. யார் கேட்பார்கள்? 2005இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் வந்தது. அடி வாங்கியவள் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். என்னோடு படித்தவள் ஒருத்தி முகம் வீங்கித் தாய் வீட்டுக்குப் போனாள். தாய் ஒத்தடம் கொடுத்தா, சோறு கொடுத்தா, பின்னேரம் ஓட்டோ பிடித்து அவளைத் திருப்பி அனுப்பினா. "பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு பிள்ளை, தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள்." நீதிமன்றம் அவளுடைய வீட்டில் இருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை.

2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 சதவீதம் ஒதுக்கினார்கள். நல்ல காரியம், கைதட்டினேன். ஆனால் அரசியல் கூட்டம் வைக்கிறது பின்னேரம் ஆறு மணிக்கு. அந்த நேரம் அடுப்படியில் யார் நிற்பது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணித் தம்பி கடைசியாக ஒன்று கேட்கப்போகிறார்: "அக்கா, இவ்வளவு பேசுகிறீர்களே, இப்போது உங்கள் வீட்டில் யார் புட்டு அவிக்கிறார்கள்?"

உண்மையைச் சொல்கிறேன். நாலு மணிக்கே அவித்து, மூடிவைத்துவிட்டுத்தான் வந்தேன்.