ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளைப் படிவு: ஹெட் கேஸ்கெட்டா, ஆயில் செப்பரேட்டரா?

ஏற்காட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "என் பெட்ரோல் காரில் ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெள்ளையாக, குழகுழவென்று ஒட்டியிருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் ஒருவர். ஆயில் செப்பரேட்டரைப் பாருங்கள் என்கிறார் இன்னொருவர். அதை அவ்வப்போது மாற்ற வேண்டுமா?"

அவசரப்பட்டு ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள் சகோதரி. ஹெட் கேஸ்கெட் என்பது என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு. அது போனால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலந்துவிடலாம். முதலில் கூலன்ட் குறைகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறதா? இரண்டும் இல்லை, மூடியில் மட்டும்தான் வெள்ளை என்றால் பெரும்பாலும் அது நீராவி செய்த வேலை.

பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் கீழே, ஆயில் இருக்கும் கிராங்க்கேஸுக்குள் கசியத்தான் செய்யும். அதில் நீராவியும் பெட்ரோல் ஆவியும் இருக்கும், போகிற வழியில் ஆயில் துளிகளையும் அள்ளிக்கொள்ளும். இந்த வாயுவை பிரீதர் ஹோஸ் என்ற குழாய் வழியாக, என்ஜின் காற்று இழுக்கும் இன்டேக்குக்குத் திருப்பி எரிக்கிறார்கள். அதற்கு முன் ஆயிலைப் பிரித்துக் கீழே இறக்குவதுதான் செப்பரேட்டரின் வேலை. உள்ளே வளைந்து வளைந்து தடுப்புகள் இருக்கும். வாயு வளைந்து போய்விடும், கனமான ஆயில் துளி வளைய முடியாமல் சுவரில் மோதி வழியும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழிக் குளிரில் ஊருக்குள்ளேயே ஒண்டிக்கடை வரை போய்த் திரும்பினால் ஆயில் சரியாகச் சூடாகாது. நீராவி குளிர்ந்த மூடியிலும் ஹோஸிலும் படிந்து ஆயிலோடு கலந்துவிடும். சேலத்துக்கு இறங்கினாலும் பலன் குறைவு, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் என்ஜினுக்குச் சுமையே இல்லை. அடிவாரத்திலிருந்து திரும்ப ஏறும்போதுதான் ஆயில் நன்றாகக் காயும். மூடியைத் துடைத்துவிட்டு, வாரம் ஒருமுறை அப்படி ஓட்டிப் பாருங்கள்.

சரி, செப்பரேட்டர் கெட்டால் எப்படித் தெரியும்? வண்டி நின்றபடி, ஆக்சிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைத் தளர்த்துங்கள். துப்பட்டா, சேலை முந்தானை பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் சரி. எடுக்க முடியாத அளவுக்கு இழுத்தால், அதிலும் விசில் சத்தம் கேட்டால், செப்பரேட்டருக்குள்ளே இழுவையைக் கட்டுப்படுத்தும் ரப்பர் சவ்வு (டயஃப்ரம்) கிழிந்திருக்கலாம். அப்போது மலை இறங்கி முடித்து ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது நீலப் புகையும் வரும். மாறாக, புஸ்ஸென்று வெளியே தள்ளினால் அடைப்பு, அல்லது ரிங் தேய்மானம். அடைப்பை அப்படியே விட்டால் உள்ளழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசிய ஆரம்பிக்கும். சின்ன ஹோஸ் வேலையைத் தள்ளிப்போட்டு, பின்னால் கிராங்க் தண்டின் ஆயில் சீலுக்காக கியர்பாக்ஸை இறக்க வேண்டாமே!

ஹோஸைக் கழற்றி வெளியே தொங்கவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அந்த வாயு காருக்குள் வரும், ஊர்க் காற்றும் கெடும். செப்பரேட்டரைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம், டயஃப்ரம் ஊறிப் போகும். ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் செப்பரேட்டருக்குத் திணறல்தான்.

மாற்றுவதைப் பற்றிக் கேட்டீர்கள். வண்டியின் கையேட்டில் காலக்கெடு இல்லையென்றால், கெட்டால் மாற்றினால் போதும். ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் பிரீதர் ஹோஸைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் செப்பரேட்டர், என்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரோடு சேர்ந்தே வரும், அதனால் விலையைக் கேட்டுக்கொண்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.